அவள் கேட்ட ஒரு ஜோடி சாக்ஸ்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளைப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வைத்திருந்தார்கள். எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். தாய்மார்களுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை. வேளாவேளைக்குப் பால் எடுத்துக் கொடுப்போம். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பதுதான் வேலை.

"கால் சில்லுனு இருக்கும்மா, சின்னதா சாக்ஸ் இருந்தா கொண்டாங்க" என்றார் நர்ஸ். கடையில் வாங்கியதெல்லாம் என் மகளுக்குத் தொடை வரை வந்தது. ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த நான், போனில் வீடியோ பார்த்து சாக்ஸ் பின்ன ஆரம்பித்தேன். அதற்கு இரண்டு முனையும் கூரான குட்டி ஊசிகள் ஐந்து வேண்டும். நான்கு ஊசிகளில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், நிற்கும். ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். ஒன்றைக் கவனித்தால் இன்னொன்று நழுவும். மூன்று முறை அவிழ்த்துவிட்டேன். நான்காவது முறை குதிகால் வரை வந்தபோது ஊசி ஒன்று உருவிக்கொண்டு கீழே விழ, அழுதேவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் தேங்காய்த்திட்டு மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் மகளும் அதே வார்டில்தான் இருந்தாள். "இழுக்காதக்கா, குடு" என்று வாங்கி, தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, கீழே ஓடிப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஊசியில் ஏற்றினாள். பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லையாம்.

"எங்க வூட்ல வலை கிழிஞ்சா நான்தான் பாப்பேன். கண்ணி எல்லாம் ஒண்ணுதானே."

அன்று சாயங்காலம் தயங்கிக்கொண்டே கேட்டாள். "எம் பொண்ணுக்கும் ஒரு ஜோடி போட்டுத் தரியாக்கா?"

"இத முடிச்சிட்டுப் பாக்கலாம்" என்றேன்.

முடித்தேன். மகளுக்குப் போட்டும் ஆயிற்று. துவைத்து மாற்ற இன்னொன்று வேண்டுமே என்று அடுத்த ஜோடியையும் என் மகளுக்கே தொடங்கினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நடுவில் கண்ணி நழுவியபோது அப்போதும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் கேட்ட மூன்றாம் நாள் காலை அவள் குழந்தை இறந்துவிட்டது.

துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய், என் மகள் காலிலிருந்த சாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினேன். அவள் என் விரல்களை மடக்கிவிட்டாள்.

"வேணாங்கா. உசுரோட இருக்கிற புள்ள கால்ல இருந்து கழட்டக் கூடாது. போய்ப் போட்டு உடு, சில்லுனு ஆயிடப் போவுது."

ஒரு மணி நேரத்தில் அவளை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

என் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். மாதம் நாலைந்து ஜோடி பின்னி அந்த வார்டுக்குக் கொடுக்கிறேன். நர்ஸுகள் பெரிய மனசு என்கிறார்கள். என்னால் தலைநிமிர முடிவதில்லை. சாக்ஸ் போட்டிருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது, அது தெரியும். ஆனால் இருந்த கொஞ்ச நாளில் ஒரு நாளாவது அந்தக் கால்கள் கதகதப்பாக இருந்திருக்கும். அதைக் கொடுக்க முடிந்தும் நான் கொடுக்கவில்லை.