பஸ்ஸுக்குப் பின்னால் நின்று எடுத்த படம்

வெங்காயச் சருகு வெயிலில் பறக்கும்போது அதற்கு ஒரு நிறம் வரும். ரோஜாவும் இல்லை, செம்பும் இல்லை, காதுமடலுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. சிம்மக்கல்லில் மொத்தக் கடைகள் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு தெருவில், காலை வெயில் கிழக்குக் கோடியிலிருந்து தரையோடு தரையாக நீண்டு வரும்போது, லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையோடும் அந்தச் சருகு கூட்டமாக எழும்பி, இறங்க மனமில்லாமல் அப்படியே நிற்கும். அதற்குள் ஒருவர் மூட்டையோடு தெருவைக் கடப்பதை, ஒன்பதாவது படிக்கும்போது நான் படம் எடுத்தேன். அவர் என் அப்பா.

கேமரா என்னுடையதல்ல, கூடப் படித்த கலாவின் அண்ணனுடையது. ரோலில் மிச்சம் இருந்த நாலு படத்தை "அடிச்சுத் தீத்துருங்க, கழுவக் குடுக்கணும்" என்று எங்களிடம் விட்டிருந்தார். மூன்றைக் கலா தன் வீட்டுப் பூனைக்கே செலவழித்துவிட்டாள். நாலாவது எனக்கு. செல்லூரிலிருந்து பாலம் தாண்டி கலாவோடு டியூஷனுக்குப் போகும் வழியில்தான் அந்தத் தெருவும், அந்தச் சருகும், அப்பாவும்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு "வெங்காய யாவாரம்" என்று சொல்லி வைத்திருந்தேன். எழுமலைப் பக்கம் காடு காய்ந்து மதுரைக்கு வந்த அவர் அந்தத் தெருவில் "லோடுமேன்" என்பது கலாவுக்குத் தெரியாது. முகம் தெரிய எடுக்கலாம் என்று லாரிக்கு அந்தப் பக்கம் போனால் மற்ற லோடுமேன்கள் "நம்ம ராசு மக" என்று கத்துவார்கள். அப்பா மூட்டையை இறக்கிவிட்டு "தாயி" என்று சிரித்துக்கொண்டே வருவார். அதனால் நின்றிருந்த டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி, சூரியனைப் பார்த்தபடி, அவர் என்னைப் பார்க்காத ஒரு நொடியில் அமுக்கினேன். கலாவிடம் "வெளிச்சம் நல்லாருக்குடி" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு ஸ்டூடியோவின் மாடியில், படம் எடுக்கும் பைத்தியம் பிடித்த பத்துப் பேர் கூடுவார்கள். படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குறை சொல்வதுதான் அங்கே வேலை. கலாவின் அண்ணன் எங்களையும் கூட்டிப்போனார். என் படம் சுற்றி வந்தது.

"ஆளு எங்கப்பா? மூட்டைக்குக் காலு மொளச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், அவர்தான் அங்கே கடைசி வார்த்தை சொல்பவர், படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "சருகு அம்புட்டு அழகா விழுந்திருக்கு. ஆனா முகம் கரி. லாரியைச் சுத்தி அந்தப் பக்கம் போயி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்திருக்கலாம்ல பாப்பா?"

"பொம்பளப்புள்ள, கூட்டத்துல எப்பிடிண்ணே போகும்?" என்று கலாவின் அண்ணன் எனக்காகப் பேசினார்.

"அப்ப அந்த ஆளைக் கூப்பிட்டுத் திரும்பி நிக்கச் சொல்றது. லோடுமேன்தானே, சொன்னா நின்னுட்டுப் போறாரு. யாரும்மா அவரு, தெரிஞ்சவரா?"

"இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் நோட்டுக்குள் வைத்திருந்ததை அப்பாவே பார்த்துவிட்டார். தன்னை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். இடது தோள் இறங்கிய அந்த நடை தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தது தன்னை அல்ல. எந்தக் கடை வாசலில் லாரி நின்றது, நிழல் எதுவரை நீண்டது, ஓரத்தில் கறுப்பாகத் தெரியும் தகரம் எது என்று, தினமும் அந்தத் தெருவைக் காலால் அளக்கிற மனிதர், விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

"பஸ்ஸுக்குப் பின்னாடியா நின்ன?"

"ஆமாப்பா."

"கூட யாரு?"

"கலா. எங்கூடப் படிக்கிறவ."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு படத்தை நோட்டுக்குள் வைத்து மூடி, "நல்லாத்தான் எடுத்திருக்க தாயி. முகந்தான் தெரியல. அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அப்புறம் அவர் என் பள்ளிக்கூடத் தெரு வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது அந்தத் தெருவில் பாதிக் கடைகள் இடம் மாறிவிட்டன. ஸ்டூடியோ மாடியில் செல்போன் ரிப்பேர். குறை சொல்கிறவர்கள் எல்லோரும் போனுக்குள் போய்விட்டார்கள். போன வாரம், ஏதோ ஓர் அலுப்பில், அந்தப் படத்தை அப்படி ஒரு குழுவில் போட்டேன். வெளிச்சம் அருமை என்றார்கள். நிழலைக் கொஞ்சம் தூக்கி, இருட்டை வெளிச்சமாக்கிப் பாருங்கள் என்றார்கள்; தூக்கிப் பார்த்தேன், முகம் இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக மணல்தான் வந்தது. யார் இவர் என்று ஒருவர் கேட்டார்.

என் அப்பா, சிம்மக்கல்லில் லோடுமேன், என்று எழுதினேன். மளமளவென்று கைதட்டல்களும் இதயங்களும் வந்து குவிந்தன. அந்த மாடியில் நான் சொல்லாமல் விட்ட சொல், இன்று சொன்னால் எனக்குத்தான் பெருமை. எந்தச் செலவும் இல்லாமல் வந்த அந்தப் பெருமையைப் பார்க்கப் பார்க்க அசதியாக இருந்தது. அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது.

கடைசியாக முகம் தெரியாத ஒரு பையன் எழுதியிருந்தான்: "அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க அக்கா."

சொல்கிறேன் தம்பி, என்று பதில் போட்டேன்.