அறைந்தால் விழிக்கும் பை

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அப்படிப்பட்டவளிடம் பேக்பைப்பைக் கொடுத்தது, அந்தமானில் எங்கள் ரங்கத் பள்ளியின் பேண்ட் மாஸ்டர் செய்த வேடிக்கை. மற்ற வாத்தியங்களை மீட்டலாம், வருடலாம். இதன் தோல் பையையோ அக்குளில் இறுக்கி, ஊதி நிரப்பி, உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும். அப்போதுதான் தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் ஒருசேர விழிக்கும். இரக்கப்பட்டு மெல்லத் தட்டினால், ஒவ்வொன்றும் தனித்தனியே முனகும்.

வாத்தியத்தோடு வந்த சிறு புத்தகம் ஸ்காட்லாந்தின் வழக்கங்களைச் சொன்னது. அங்கே ஆண்கள் பாவாடை கட்டி, இதை ஊதிக்கொண்டே போருக்குப் போனார்களாம். விருந்தன்று ஆட்டின் இரைப்பையில் இறைச்சியை அடைத்து வேகவைத்து, குழலிசை முன்செல்ல ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதற்கு ஒரு கவிதை சொல்லி, பிறகு கத்தியால் குத்திக் கிழிப்பார்களாம். கவிதைக்கும் கத்திக்கும் இவ்வளவு நெருக்கமா என்று சிரித்தேன்.

எங்கள் மழையில் ஆட்டுத்தோல் பை அழுகிப்போயிற்று. மெயின்லேண்டிலிருந்து வேறு பை வரும்வரை காத்திருக்க முடியாது. குடியரசு தினத்தன்று போர்ட் பிளேர் அதிகாரி ஒருவர் வந்து, கல்லூரி பேண்டுக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்; அவளுக்கு விடுதியில் இலவச இடம். அது கிடைக்காவிட்டால் எனக்குக் கல்லூரியே இல்லை. அப்பா அதை ஒருமுறைதான் சொன்னார்.

அண்ணன் புள்ளிமான் வேட்டைக்காரன். ஒரு மான்தோலைப் பதப்படுத்தி, வலை பின்னும் நூலால் பையாகத் தைத்துக் கொடுத்தான்.

"ஏட்டி, மானப் பிடிக்கது லேசு. இதுக்குள்ள காத்தப் பிடிச்சு வைக்கதுதான் பெரும்பாடு."

காற்று கசியாதிருக்க, உள்ளே வெல்லப்பாகும் முட்டை வெள்ளைக்கருவும் ஊற்றிக் குலுக்கினேன். பை அருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. வேட்டை முடிந்ததும், விற்க உதவாத தோலை அண்ணன் கிளையில் தொங்கவிட்டு ஓங்கி அறைவான். அவனுடைய இரண்டு நாய்களுக்கும் அதுவே உத்தரவு: பாய்ந்து கிழி.

குடியரசு தினத்தன்று நான் வாசிப்பதைப் பார்க்க, காட்டிலிருந்து நேராக நாய்களோடு வந்து மைதான ஓரத்தில் நின்றான். கொடி ஏறியது. நான் ஊதி நிரப்பினேன், அறைந்தேன்.

கயிறு அவன் கையிலிருந்து பறந்தது. முதல் நாய் பையைக் கவ்வித் தொங்கியது. இரண்டாவது என் கெண்டைக்காலைக் கவ்வியது. "குத்தோன் கோ பகடோ!" என்று நாய்களைப் பிடிக்கச் சொல்லிப் பலர் இந்தியில் கத்தினார்கள், பிடிக்க ஒருவரும் வரவில்லை. முழங்காலால் ஒன்றின் தாடையில் இடித்தேன். மற்றதின் மண்டையில் நீளக்குழலை இறக்கினேன். குழல் முறிந்தது. வெள்ளைக் காலுறை சிவந்தது. அண்ணன் ஓடிவந்து இரண்டையும் கழுத்தைப் பிடித்துப் பிய்த்தெடுத்தான்.

பையில் ஓர் ஓட்டை. அதை விலா எலும்போடு அழுத்திக்கொண்டு மறுபடி அறைந்தேன். இரண்டு குழல்கள் விழித்தன.

"பஸ், பேட்டி, பஸ்" என்று, போதும் மகளே என இந்தியில் தடுத்தார் அதிகாரி. நான் நிறுத்தவில்லை. ரத்தம் காலணிக்குள் இறங்க, மெட்டை இறுதிவரை வாசித்தேன்.

முடித்துத் திரும்பியபோது அண்ணன் வெட்டுக்கத்தியை ஓங்கியிருந்தான்.

"ரெண்டையும் இங்கனயே வெட்டிப் போடுதேன்!"

"கத்தியக் கீழ போடுண்ணே!" என் குரல் மைதானம் முழுவதும் கேட்டது. "நீ அறைஞ்சா அதுக வந்து கிழிக்கும். இன்னைக்கு நான் அறைஞ்சேன். சொல்லிக் குடுத்ததத்தான செய்திருக்கு!"

கத்தி மெல்ல இறங்கியது. அதிகாரி பேண்ட் மாஸ்டரிடம், "அட, இவள் பேசவும் செய்வாளா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, காகிதத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

கல்லூரியில் எனக்குக் கிடைத்திருப்பது ஆட்டுத்தோல் பை. இருந்தாலும், அறைவதற்கு முன் மைதானத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.