நல்ல படம் என்றேன், இறங்கிப் போய்விட்டார்

போன வாரம் ஒரு மனிதரை மனதாரப் பாராட்டினேன். அவர் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

பஸ் அப்போது நடுவழியில் நின்றிருந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர் பெட்டியோடு இறங்கியது பஸ் நின்றதால் அல்ல. என் பாராட்டினால்!

விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஊர் மெச்சும் டாக்கிகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஊர் காறித் துப்பிய படம் என்றால்... துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வீம்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் படங்களுக்குக் கொட்டகை காலியாக இருக்கும். தாராளமாகக் காலை நீட்டலாம். முன்னால் ஒரு தலைப்பாகை மறைக்காது. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கழுத்தறுக்கிற ஆசாமி பக்கத்தில் இருக்க மாட்டார் — கதை அவருக்கும் புரிந்திருக்காது!

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. நன்றாக எடுத்த படத்தில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். எங்கே அழ வேண்டும் என்று பிடில் சொல்லிவிடும். மோசமான படத்தில் அந்த வசதி கிடையாது. குப்பையும் கூளமுமாகக் கிடக்கும். நாமேதான் கிளறிப் பார்க்க வேண்டும். ஏதாவது அகப்பட்டால் அது முழுக்க முழுக்க நம்முடையது.

என் மனைவி இந்த வாதத்தை ஒப்புக்கொள்வதில்லை. "ஒங்களுக்கு நாக்கும் ஒண்ணுதான், கண்ணும் ஒண்ணுதான். ரசத்துல உப்புப் போடாட்டியும் நல்லாருக்குன்னு குடிக்கிற ஆளு" என்கிறாள்.

குடித்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். யுத்தத்துக்கு முந்திய டாக்கி. பெயர் வேண்டாம்; சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குப் பழைய கோபம் திரும்பிவிடும். நாடு இழந்து காட்டுக்குப் போகும் ஒரு ராஜாவின் கதை. பாட்டுக்கு மேல் பாட்டு. ராஜா வாயை மூடிய பிறகுதான் வசனம் காதுக்கு வரும். காற்றடித்தால் காட்டில் மரம் ஆடும், சரி... மலையும் சேர்ந்து ஆடும். சென்னைப் பத்திரிகை ஒன்று, வீணாகப் போன பிலிமுக்காக வருத்தப்பட்டு அரைப் பக்கம் எழுதியது. நம் புதுக்கோட்டையிலோ ஜனங்கள் எழுதவில்லை. மண்ணை அள்ளித் திரையில் போட்டார்கள்.

நான் அதை நாலு தடவை பார்த்தேன்.

இப்போது போன வாரத்துக்கு வாருங்கள். பொன்னமராவதியில் அக்கா மகளுக்குக் காது குத்து. மத்தியானம் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். பெட்ரோல் பஞ்சத்தில் இப்போது பஸ்ஸெல்லாம் கரியில் அல்லவா ஓடுகிறது? பின்னால் ஓர் அடுப்பு, அதற்கு ஒரு பையன், அவனுக்கு ஒரு கம்பி. அடுப்புச் சோர்ந்தால் பஸ்ஸும் சோர்ந்துவிடும்.

என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நடுவயசு. நல்ல உயரம். தோள் வரை இருந்த தலைமுடியை வாரிக் கொண்டையாகச் செருகியிருந்தார். அவருடைய தகரப் பெட்டியைக் கண்டக்டர் மேலே ஏற்றினார். ஏற்றிவிட்டு வந்தவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு விசிலை ஊதிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ராகம் போட்டார்: "தேவீ! அடவி நோக்கிச் செல்வோம்! ரைட்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் படத்தில் ராஜா சொல்லும் வசனம் அது. பக்கத்தில் இருந்தவர்தான் அந்த ராஜா!

நான் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தேன். ஒரு காலத்தில் நாடக மேடையில் ராஜபார்ட்டாக வெளுத்து வாங்கியவர். டாக்கிக்குப் போனார், படம் விழுந்தது, அதோடு நாடகக்காரர்களும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது ரொம்ப நாளைக்குப் பிறகு பொன்னமராவதியில் ஒரு ஸ்பெஷல் நாடகம். அதற்குத்தான் போகிறார். பின் சீட்டில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து எனக்கு இது தெரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

குழிபிறை என்ற ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டில் அடுப்புச் சோர்ந்தது. கரி போட்டுக் கிண்ட ஆரம்பித்தார்கள். பின்னால் யாரோ மறுபடி, "தேவீ! அடவி வந்துருச்சு, எறங்கு!" என்றார்கள். மறுபடி சிரிப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்:

"அந்தப் படத்தை நான் நாலு தடவை பாத்திருக்கேங்க. ரொம்ப நல்ல படம்."

அதுவரை சிரிக்காதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "படிச்சவராட்டம் இருக்கீங்க. அவங்க பரவாயில்லை, நேராச் சிரிச்சாங்க" என்றார். எழுந்தார். இறங்கினார். மேலே இருந்த பெட்டியைத் தானே இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே புதுக்கோட்டையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்!

கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. அடுப்பில் நெருப்பும் பிடித்துவிட்டது. "ஒருத்தருக்காக வண்டி நிக்குமா? போகலாம் ரைட்!"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொன்னமராவதியில் ஊர் கூடிக் காத்திருக்கும். ராஜபார்ட்டு வராவிட்டால் 'பயந்து ஓடிட்டான்' என்று சொல்லும். அதோடு அவருடைய மேடையும் முடிந்தது. முடித்து வைத்தவன் யார்? அவரைத் தவிர அந்தப் படத்தை நேசித்த ஒரே ஆளாகிய நான்!

இறங்கிவிட்டேன்.

ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தேன். "நான் கேலி பண்ணலைங்க" என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். பத்திரிகைக்கு எழுதுகிற ஒரு குமாஸ்தா நான், கேலிக்காரன் அல்ல என்று மறுபடி சொன்னேன். பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்.

"நாலு தடவை பாத்தீங்க. சரி. என்ன பிடிச்சுச்சு? சொல்லுங்க பாப்போம்."

எனக்கு யோசிக்கத் தேவையே இல்லை. "காட்டுக்கு வந்த முதல் நாள், ராஜா ஓடையில தன் அங்கவஸ்திரத்தைத் தானே தொவைக்கிற எடம். பிழியத் தெரியாம பிழிஞ்சு, தண்ணியெல்லாம் அவர் கால்லயே கொட்டும். உடனே யாரும் பாத்துட்டாங்களான்னு ரெண்டு பக்கமும் திரும்பிப் பாப்பாரு. அந்த எடம்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். என்னை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை.

"அந்த எடத்துலதான் எல்லாரும் ஊளையிட்டாங்க. தேடிப் பிடிச்சு அதையே சொல்றீங்க" என்றார்.

இரண்டு பேரும் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். புதுக்கோட்டைக்கு அன்று வேறு பஸ் கிடையாது. பெட்டியோ கனம். கடைசியில் ஒரு வைக்கோல் வண்டி வந்தது. பொன்னமராவதிப் பக்கம்தான் போகிறது. அவர் பெட்டியை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "சரி, அங்க போய் 'என்னால முடியாது'ன்னு நேர்லயே சொல்லிட்டு வந்துர்றேன்" என்று ஏறினார். நானும் ஏறினேன்.

வண்டிக்காரர் நல்ல பேச்சுக்காரர். "பெட்டியில என்னங்க, இம்புட்டுக் கனம்?"

"கிரீடம், உடுப்பு" என்றார் நடிகர்.

"நாடகமா! நாடகம்னா சரிதான். இந்த டாக்கி இருக்கே... ஒண்ணு பாத்தேன், சென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ராசா காட்டுக்குப் போறாரு. போனவரு என்ன செய்யறாரு? துணி தொவைக்கிறாரு! தொவைக்கிறதைப் பாக்கவா நான் ரெண்டணா குடுத்தேன்? எங்க ஊர்க் கம்மாயில சும்மாவே பாக்கலாம்ல?"

நடிகர் வைக்கோலுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"கம்மாயில தொவைக்கிறவன் ராசாவா?" என்றேன்.

"ராசாவா இருந்தா என்னங்க? தெரியாட்டி கரையில உக்காந்திருக்கணும்."

"தெரியாதுங்கிறதைத்தான்யா பாக்கணும்! நாடு போனப்ப அழுகலை. மகுடத்தைக் கழட்டினப்ப அழுகலை. ஒரு துணியைப் பிழியத் தெரியலைன்னதும் யாரும் பாத்துட்டாங்களான்னு பாக்குறாரு பாருங்க... அப்பத்தான் அவருக்கே தெரியுது, எல்லாம் போயிருச்சுன்னு. என் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போனப்ப, நான் மொதத் தடவையாச் சோறு வடிச்சேன். வடிகஞ்சி அம்புட்டும் கால்ல. சுட்டது பெரிசில்லை. பக்கத்து வீட்டுல பாத்துட்டாங்களான்னுதான் முதல்ல திரும்பிப் பாத்தேன். ராசாவாவது, குமாஸ்தாவாவது... எல்லாருக்கும் அதான்யா!"

வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "அந்த ஆளு ஒங்களுக்குச் சொந்தக்காரரா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீங்க? மாடு மெரளுது. இனிமேப்பட்டு அந்தப் படத்தைப் பத்திப் பேசுனா இங்கயே எறக்கி விட்டுருவேன், ஆமா."

"எறக்கி விடுங்க. நல்ல படம் நல்ல படம்தான்!"

வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, கொண்டையை அவிழ்த்துத் தலைமுடியைத் தோளில் பரப்பி, "அண்ணே, அந்த ராசா நான்தான்" என்றார்.

வண்டிக்காரர் திரும்பி வெகுநேரம் பார்த்தார். சங்கடப்பட்டார். ஆனால் பின்வாங்கவில்லை. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க தம்பி. ஒங்க பாட்டெல்லாம் நல்ல பாட்டு. படம் நல்லா இல்லை."

"இவரு நல்லாருக்குங்கிறாரே?"

"அவரு ஒரு மாதிரியா இருக்காருல்ல!"

வண்டிக்காரர் மாட்டைத் தட்டி ஓட்டினார். நடிகர் தானாகவே ஆரம்பித்தார், என்னைப் பார்த்து அல்ல, ரோட்டைப் பார்த்து.

"அந்த எடம் கதையிலேயே கெடையாதுங்க. பாறையில உக்காந்து பாடச் சொன்னாங்க. நான்தான் கெஞ்சி அதைச் சேத்தேன். வெட்டணும்னாங்க, அதுக்கும் கெஞ்சினேன். படம் முழுக்க நான் நடிச்சது அது ஒண்ணுதான், மிச்சமெல்லாம் பாடுனது. கொட்டகையில அதுக்கு ஊளையிட்டாங்க பாருங்க... அன்னிக்கே தோணிருச்சு, நம்மளுக்கு நடிப்புங்கிறது என்னன்னே தெரியலைன்னு."

என்னை நம்புகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். "எழுதுற ஆளுங்கிறீங்க. எழுதுறவங்களுக்கு வாதம் பண்றதுதானே வேலை. எதை வேணும்னாலும் நல்லாருக்குன்னு ஜெயிச்சுருவீங்க."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பொன்னமராவதி போய்ச் சேர்ந்தோம். கொட்டகை வாசலில் பெரிய கூட்டம். காரியஸ்தர்கள் ஓடி வந்தார்கள். உள்ளே யாரோ ஆர்மோனியத்தில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'முடியாது' என்று சொல்லத்தானே வந்தார்? அவர் அந்தச் சுருதியைக் காது கொடுத்துக் கேட்டார். "கட்டை ஒண்ணு ஏத்தச் சொல்லுங்க" என்றார். பெட்டியோடு உள்ளே போய்விட்டார்.

நாடகம் அமோகம். முதலில் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் "அடவி!" என்று கத்தியது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "பொறுங்க தம்பி, இப்பத்தானே அரண்மனைக்குள்ளயே வந்திருக்கேன்" என்றார். ஜனங்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் அவர் கையில்தான். ஒன்ஸ்மோர், கைதட்டல், சால்வை — எல்லாம் நடந்தது.

மறுநாள் காலை காப்பிக் கிளப்பில் நானும் மச்சானும் — அக்கா வீட்டுக்காரர் — உட்கார்ந்திருந்தோம். நடிகர் வந்தார். கிளப்பே எழுந்து நின்றது. மச்சான் இலையில் இட்லியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு நாடகம் இந்தச் சீமையிலேயே நடந்ததில்லை என்று ஆரம்பித்தார். முடிக்கவே இல்லை. நடிகர் எல்லாவற்றையும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

இங்கேதான் வாசகர்கள் என் நிலைமையை யோசிக்க வேண்டும். ஊரே கொண்டாடும் மனிதர். இரவெல்லாம் பாடித் தொண்டை கம்மியிருக்கிறது. 'பிரமாதம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அந்தப் பிரமாதமான நாடகத்தில் அவர் எங்கேயும் எதையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல் இருந்தது; அவரும் ஒவ்வொரு கைதட்டலுக்கும் காத்திருந்தார். பாதியில் நான் மூங்கில் கம்பத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். "ஆனா படத்துல செஞ்ச அளவுக்கு இல்லை."

மச்சான் கையிலிருந்த டவராச் செட்டு அப்படியே நின்றது.

நடிகர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் ரோட்டிலும் வண்டியிலும் எத்தனையோ முறை பார்த்தவர்தான். ஆனால் இது வேறு பார்வை. மெதுவாக எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்களை மறந்துவிட்டார்.

"நெசமாவே ஒங்களுக்கு அந்தப் படம் பிடிச்சிருக்கு!" என்றார். கண் கலங்கியிருந்தது. "அந்த ஓடை எடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

சொன்னேன். இட்லி ஆறும்வரை சொன்னேன்.

மச்சான்தான் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அந்த நாடகத்தை ஏற்பாடு செய்ததே அவர்தானாம்!