சித்தப்பாவின் கேரவனில் நான் பார்த்த வேலை

எங்கள் சித்தப்பா எதையும் கடையில் வாங்க மாட்டார், தானே செய்வார். ஜீவனஹள்ளியில் வெல்டிங் கடை வைத்திருந்தவருக்கு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் என்ன பெரிய விஷயம்? கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதில் ஊட்டிக்குப் போய்த் தங்குவதாகப் பேச்சு. அங்கே உறைபனி விழும் என்று சித்தி பயந்ததால், வண்டியைக் குளிர் தாங்கும்படி செய்யும் வேலை தொடங்கியது. சுவரெல்லாம் தெர்மாகோல், தண்ணீர்க் குழாய்க்குக் கிழிந்த கம்பளி, ஜன்னல் விளிம்புக்கு ரப்பர்.

எனக்கு ஒன்பது வயது. மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஓரம் ஓரமாக நகர வேண்டும். சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று வருகிறது, சித்தப்பா வந்து அடைப்பார். தெர்மாகோல் பக்கத்தில் மெழுகுவத்தியா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீடு அப்படி.

எல்லாம் அடைத்த பிறகும் கட்டிலுக்கு அடியில் சுடர் ஆடியது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, வலை போட்டிருந்தது. சித்தப்பா கண்ணுக்கே தப்பியதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பிரவுன் டேப் ஒட்டி, அதன்மேல் என்னிடமிருந்த மூன்று நட்சத்திர ஸ்டிக்கரையும் ஒட்டினேன். சுடர் அசையாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சோதனை. சித்தப்பா கரி அடுப்போடு உள்ளே போனார்.

"பாப்பா, அரை மணி நேரம் யாரையும் கதவத் தொறக்க வுடாத. சூடு நிக்குதான்னு பாக்கணும். அப்பப்ப தட்டு, நான் பதில் சொல்றேன்."

முதல் தடவை தட்டியதும் "சக்கத்தா இருக்கு, சூடு சூப்பரா நிக்குது" என்றார். இரண்டாம் தடவை வெறும் "ம்". மூன்றாம் தடவை ஒன்றுமில்லை. செத்துப்போன மாதிரி நடித்துப் பிள்ளைகளை ஏமாற்றுவது அவருக்குப் பழக்கம். "நடிக்காதீங்க சித்தப்பா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அப்பா வந்தார். "சித்தப்பா எங்க?"

"உள்ள. அடுப்பு வச்சிக்கினு படுத்திருக்காரு."

அப்பா அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கதவைப் பிய்த்துத் திறந்து, சித்தப்பாவைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் திறந்தே கிடந்தது. சித்தி ஓடிவந்து பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கன்னத்தில் மாற்றி மாற்றி அடித்தார். ஒருவழியாகச் சித்தப்பா இருமினார், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். நேராக வண்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். டேப்பை மெதுவாகப் பிய்த்தெடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது என் ஸ்டிக்கர்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற வாங்கித் தரேன். இதப் பத்தி யார்கிட்டயும் பேசாத."

மூன்றாம் நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கரிக்காற்று வெளியே போக வழியில்லாமல் இருந்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். "கட்டிலுக்குக் கீழ காத்துக்கு வழி வுட்டிருந்தேனே" என்று அவர் சொல்லச் சொல்ல, சித்தி நம்பவில்லை. செய்த தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் என்று அழுதுகொண்டே திட்டினாள். அப்பா பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் அன்றைக்கு அப்பா மேல்தான் கோபம். ஸ்டிக்கர் வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று நாளாகிவிட்டதே.