மோப்ப அக்கா

“வாயத் திற. மூச்ச விடு. என் மூஞ்சி மேலயே விடு, பரவாயில்ல.”

முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிய நிற்கிற பிள்ளையிடம்தான் இந்தப் பேச்சு. பிள்ளைக்கு எரிச்சல் முழங்காலில், நர்ஸ் அக்காவுக்குக் கவனம் வாயில். குனிந்து, கண்ணை மூடி, மூக்கை அந்தச் சின்ன உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மூச்சு முழுக்க இழுத்துப் பார்த்த பிறகுதான் பஞ்சைக் கையில் எடுப்பாள். பல்வலி, கண்வலி, விரலில் ஏறிய சிலாம்பு, பந்து பட்டு வீங்கிய கன்னம், எதுவானாலும் சரி, முதலில் மோப்பம், அப்புறம்தான் மருந்து. இதனால் பள்ளிக்கூடத்தின் அறுநூறு பிள்ளைகளும் சேர்ந்து வைத்த பெயர் மோப்ப அக்கா. வாத்தியார்கள் நேரில் ‘சிஸ்டர்’ என்பார்கள். ஆசிரியர் அறைக்குள் போய்விட்டால் அவர்களுக்கும் மோப்ப அக்காதான். அது அவளுக்கும் தெரியும். “நாய்னு சொல்லாம விட்டாங்களே, அதுவே பெரிசு” என்பாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு எடை பார்க்கும் மிஷின், சுவரில் உயரம் அளக்கக் கோடு, பூட்டு சரியாக விழாத மருந்து அலமாரி. மணி அடித்தால் தலைக்கு மேல் அறுநூறு ஜோடிக் கால்கள் தடதடவென்று இறங்கும், கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அக்கா அதைப் பற்றிப் புகார் எழுதியதே இல்லை. கட்டிலை மட்டும் சுண்ணாம்பு விழாத மூலைக்கு நகர்த்திப் போட்டிருக்கிறாள்.

கணக்குப் பரீட்சை நாளில் அந்தக் கட்டிலுக்கு வரிசை நிற்கும். ஒரு காலத்தில் பொய் வயிற்றுவலியைக் கண்டுபிடிப்பதில் அக்கா புலி. வலிக்கிறவன் வயிற்றைப் பிடிப்பான், நடிக்கிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான் என்று புது ஆசிரியர்களுக்கு வகுப்பே எடுப்பாள். இப்போது அந்த வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். யார் வந்தாலும் கட்டிலில் படுக்க வைத்துப் பத்து நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மூன்று கேள்வி கேட்பாள்: “தண்ணி நிறையக் குடிக்கிறியா? ஒண்ணுக்கு அடிக்கடி வருதா? ராத்திரி அதுக்காக எழுந்திரிச்சியா?” பதிலில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் போதும், பிள்ளையின் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுவாள்.

கணக்கு வாத்தியாருக்கு இது பிடிக்காது. “உங்க ரூம்ல படுத்தே பாஸாயிடலாம்னு பிள்ளைங்க நினைக்குதுங்க சிஸ்டர்” என்று ஒருநாள் வாசலில் நின்று குறைப்பட்டார்.

“ஃபெயிலானா அடுத்த வருஷம் எழுதிக்கலாம் சார்” என்றாள் அக்கா, பிள்ளையின் நாடியிலிருந்து விரலை எடுக்காமல்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுருக்குவாள். “மத்த வீட்டுல குடிச்சிருக்கானான்னு பார்க்க மோந்து பார்ப்பாங்க. இவ எதுக்குப் பார்க்கிறான்னு எனக்கே பாதி நாள் மறந்துடுது” என்பார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவருக்கு மறந்ததில்லை.

அக்காவிடம் இரண்டு விநோதங்கள் உண்டு. எந்தப் பிள்ளையிடமும் ‘ஒண்ணுமில்ல, போ’ என்று அவள் சொல்வதில்லை. கொசுக்கடிக்குக்கூட ஒரு சொட்டு மருந்து, ஒரு வரி பதிவேட்டில். இன்னொன்று அவள் நடக்கிற வழி. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு நேர் ரோட்டில் நடந்தால் எட்டு நிமிஷம். அக்கா தபால் ஆபீஸுக்குப் பின்னால் போய், சந்து சந்தாகச் சுற்றி, இருபது நிமிஷத்தில் வந்து சேருவாள். மழையில் குடை திரும்பிக்கொண்டாலும் அந்தச் சுற்றுதான். நேர் ரோட்டில் ஒரு தையல் கடை இருக்கிறது. ஒன்பது வருஷமாக அந்தக் கடையை அவள் தாண்டியதில்லை.

அந்தத் தையல்காரிக்கு ஒரே மகள். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. ஒரே வாரத்தில் மூன்று தடவை அக்காவிடம் வந்தாள். சும்மா சும்மா தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கேட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறாள் என்று வகுப்பாசிரியை ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தாள். மூன்றாம் தடவை வந்தது ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்கு. வயிறு வலிக்கிறது, ஒரு தடவை வாந்தியும் எடுத்தேன் என்றாள். அவள் பேசும்போது வாயிலிருந்து நன்றாகக் கனிந்த பழத்தின் வாசனை வந்தது. அக்கா சிரித்துவிட்டாள். “மிட்டாயத் தின்னுட்டு வயித்துவலின்னு வந்து நிக்கிறியா? ஒண்ணுமில்ல, போ.” பதிவேட்டிலும் எழுதினாள்: ‘வயிற்றுவலி. மிட்டாய். வகுப்புக்கு அனுப்பப்பட்டாள்.’

வியாழக்கிழமை பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை விடியும் முன் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். சர்க்கரை. சின்னப் பிள்ளைகளுக்கும் அது வரும். வந்தது தெரியாமல் விட்டுவிட்டால் ரத்தமே விஷமாகும். ஓயாத தாகம், வயிற்றுவலி, மூச்சில் பழ வாசனை, எல்லாமே அதன் அடையாளம். பயிற்சிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் அக்கா.

யாரும் அவளை விசாரிக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தராவது வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. வருஷா வருஷம் பழைய பதிவேடுகளைக் கட்டி மேலே போடும்போது அதை மட்டும் மேஜை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்வாள்.

மோப்பம் அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது. மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டினாள். பக்கத்துப் பள்ளி நர்ஸ் பார்த்துவிட்டுத் தானும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இன்று ஐம்பது அறுபது பள்ளிகளில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிகளில் எல்லாம் சேர்த்துப் பதினொரு பிள்ளைகளை நேரத்தில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதினொன்றும் இப்போது தினம் ஊசி போட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, பரீட்சையில் காப்பியடித்துக்கொண்டு நன்றாக இருக்கின்றன.

பள்ளிகளில் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்வதில் முன்னால் நின்று வழிகாட்டுகிறவர்களுக்குக் கல்வித் துறை வருஷம் ஒருமுறை விருது கொடுக்கிறது. இந்த வருஷம் அது அக்காவுக்கு. விண்ணப்பம் போட்டதே தலைமையாசிரியர்தான், அவளிடம் கேட்கவில்லை. விழா வெள்ளிக்கிழமை, மேடையில் மூன்று நிமிஷம் பேச வேண்டும். விண்ணப்பத்தின் நகல் திங்கட்கிழமைதான் அக்கா கைக்கு வந்தது. ‘இந்த யோசனை எப்படித் தோன்றியது?’ என்ற கேள்விக்கு, ‘குழந்தைகள் மீது கொண்ட அளவற்ற அன்பினால்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

அக்கா அந்தத் தாளோடு அவர் அறைக்குப் போனாள்.

“சார், இது பொய்.”

அவர் நல்ல மனிதர், அந்தப் புதன்கிழமை விஷயம் அவளே சொல்லி அவருக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டினார். “ஒன்பது வருஷமாச்சு சிஸ்டர். இப்ப அதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? யானைக்கும் அடி சறுக்கும்.”

“சறுக்கினது யானைதான் சார். கீழ மாட்டினது யாரு?”

அவர் மேஜை மேல் கிடந்த பேனாவை மூடினார், திறந்தார்.

“அன்னைக்கு நடந்ததத்தான் மேடையில சொல்லப் போறேன்” என்றாள் அக்கா. “ஆனா ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவங்கம்மாகிட்ட சொல்லணும். இத்தனை நாளா வாயத் திறக்கல. அவங்க என்னை நிக்கவிடுவாங்களான்னே தெரியல.”

செவ்வாய் போனது, புதன் போனது. இரண்டு நாளும் அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அக்கா நேர் ரோட்டில் நடந்தாள்.

ஒற்றை அறைக் கடை. கம்பியில் வரிசையாகப் பள்ளிச் சீருடைகள் தொங்கின, எல்லாம் அக்காவின் பள்ளி நிறம். மிஷினுக்குப் பின்னால் அந்த அம்மாள், கழுத்தில் அளவு நாடா. நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “சிஸ்டர்தானே, வாங்க” என்று முக்காலியிலிருந்த துணியை எடுத்துத் தட்டிவிட்டு, மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

அக்கா உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. “உங்க பொண்ணு அந்தப் புதன்கிழமை என்கிட்ட வந்தாம்மா. வாயில பழ வாசனை அடிச்சுது. அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் மிட்டாய்னு நினைச்சுச் சிரிச்சேன். ஒண்ணுமில்ல போன்னு அனுப்பிட்டேன்.”

மிஷின் நின்றது.

“தெரியும்” என்றாள் அந்த அம்மாள். “வந்து சொன்னா. ‘நான் மிட்டாய் திங்கலம்மா, சிஸ்டர் நம்பல’ன்னா.” நூல் அறுந்திருந்தது. அதை ஊசியில் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள். “நானும் நம்பல சிஸ்டர். எனக்கும் அந்த வாடை வந்துச்சு. அவ பையக் கொட்டி மிட்டாய்த் தாளத் தேடினேன். கிடைக்கல. எங்கடி ஒளிச்சேன்னு முதுகுல ஒண்ணு வச்சேன்.”

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது மட்டுமில்ல” என்றாள் அந்த அம்மாள். இத்தனை வருஷமாக யாரும் கேட்காததால் சொல்லாமல் வைத்திருந்தது அது. “அந்த மாசம் அவ பாவாடை இடுப்ப ரெண்டு தடவ பிடிச்சுத் தைச்சேன். முதல் தடவ ஒரு இஞ்ச். பதினஞ்சு நாள்ல மறுபடியும் ஒரு இஞ்ச். வளர்ற பிள்ள, உசரமாகுறான்னு அவங்கப்பாகிட்ட பெருமையா சொன்னேன். ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் அளவெடுக்கிறவ நான். என் பிள்ள இளைச்சுக்கிட்டே போறத இந்த நாடாவ வச்சு அளந்துகிட்டிருந்திருக்கேன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். ஆறுதல் சொல்ல அங்கே மூன்றாவது ஆள் இல்லை. சீருடை வாங்க வந்த ஒருத்தி வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

நாளைக்கு விழா என்பதை அக்கா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். என்ன பேசப் போகிறாள் என்பதையும், அலமாரியில் ஒட்டிய தாளின் மூன்று கேள்விகளையும் சொன்னாள். உங்களுக்கு வேண்டாமென்றால் மேடை ஏறவே மாட்டேன் என்றாள்.

“ஏறுங்க. மிட்டாய்னு நினைச்சதச் சொல்லுங்க. நான் பாவாடை பிடிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. உடுப்பு தொளதொளன்னு ஆயிடுச்சான்னு கேக்கச் சொல்லுங்க, அந்தத் தாள்ல அது இல்லையே.” அந்த அம்மாள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். “அளவு கொடுக்க வர்ற பிள்ளைங்க உங்களப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். மோப்ப அக்கான்னு. எனக்குச் சிரிப்பே வந்ததில்ல. எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கிறீங்களாமே.”

“பார்ப்பேன்.”

“எனக்கு ஒரு தடவ பாருங்க.”

எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. எழுந்து மிஷினைச் சுற்றிப் போனாள். அந்த அம்மாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்தி, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து மூச்சை விட்டாள். அக்கா குனிந்து, மூக்கை அருகே கொண்டுபோய், இழுத்துப் பார்த்தாள். அழுததில் மூக்கு அடைத்துப்போயிருந்தது. ஒரு வாசனையும் வரவில்லை.

“இன்னொரு தடவ விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, நிமிராமல் அப்படியே குனிந்து நின்றாள்.