படுக்கையில் பட்ட கடி

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது வரைதான் படித்தேன்.

சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறேன். பிள்ளை இல்லை. அப்பு என்ற குட்டி நாய் எனக்கும் மனைவி செல்விக்கும் நடுவில்தான் படுக்கும். "ஒங்களுக்கு இவன் எவ்வளவோ தேவல, கொறட்டை விடமாட்டான்" என்பாள்.

ஓர் இரவு தூக்கத்தில் புரண்டு அதன் காலை நசுக்கிவிட்டேன். அது செல்வியின் விரலைக் கடித்துவிட்டது.

"ஊசி போட்டுருவமா?" என்றாள்.

"எங்க வச்சுக் கடிச்சுன்னு கேப்பாவ. புருசன் பொண்டாட்டி படுக்கையிலன்னு சொல்லவா? சிரிப்பாவ" என்றேன்.

கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். என்னை நம்பிக் கையை நீட்டினாள். நாலாம் நாள் நாய் நுரை தள்ளிச் செத்தது. "எவனோ வெசம் வச்சுட்டான்" என்று அவளிடம் சொன்னேன். வெறி பிடித்த நாயோ என்று எனக்குள் பயம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, தம்ளர் தண்ணீரைக் கண்டு அலறினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும், அத்தனை பேர் முன்னாலும் படுக்கை முதல் புற்றுமண் வரை சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் செல்வி போய்விட்டாள்.

நாய் எங்கே வைத்துக் கடித்தாலும் வெட்கப்படாமல் ஊசி போட ஓடுங்கள்.

இதை எழுதியது அவளுடைய முதல் திதியன்று, ஆடி மாதம் ஒன்பதாம் தேதி.