பெரியண்ணாவுக்கு நாங்கள் தெரிவு செய்த கூடாரம்

பெரியண்ணா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கடைசித் தங்கையாகிய என் வணக்கம். அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி சின்னண்ணா கேட்டார். எழுத உட்கார்ந்தால் அவருடைய குணத்துக்கு முன்னால் எங்களுடைய குணம்தான் வந்து நிற்கிறது. அதை நினைக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பெரியண்ணா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர். ஐயா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் எங்கள் இருவரையும் பார்த்தார். பின்னர் கனடாவில் ரொறன்ரோ நகருக்கு வந்து, பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கி, எங்களையும் கூப்பிட்டெடுத்தார். அஜின்கோர்ட்டில் வீடு வாங்கியபோது மேல்வீட்டைச் சின்னண்ணா குடும்பத்துக்கு விட்டுவிட்டுத் தான் கீழே பேஸ்மன்ரில் இருந்தார். கலியாணப் பேச்சை எடுத்தால், "முதலில தங்கச்சியின்ர முடியட்டும்" என்பார். என்னுடையது முடிந்தது. அதற்குப் பிறகு அவருடைய கலியாணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

ஐம்பது வயதை எட்டும் மாரியில் அவர் சிம்கோ ஏரிக்குப் போய், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் பழகினார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மீன் தின்பவர்கள், தூண்டிலைத் தொட்டவர்கள் ஒருவரும் இல்லை. ஒருநாள் அண்ணி, அதாவது சின்னண்ணாவின் மனைவி, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மாஜரின் டப்பாவைத் திறந்தார். உள்ளே தூண்டில் இரைக்கு வைத்திருந்த வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. "சீ, அரியண்டம்! இது மனிசர் சீவிக்கிற வீடோ?" என்று என்னோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அவர் போட்ட சத்தத்தில் நான் அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். பெரியண்ணாவின் ஜக்கற் மீன் வெடுக்கு நாறியது. கார் வெடுக்கு நாறியது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தோம்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் நாறியது மீன் அல்ல. அவரை ஏரிக்குக் கூட்டிப் போனவர், அதே பண்டகசாலையில் வேலை செய்த ஓர் அக்கா. கடற்கரை ஊர்க்காரர். மீன்பிடித் தொழிலுக்குப் போன கணவரைக் கடலில் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் தன் பழைய வான் வண்டியில் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. "அவை எங்கட ஆக்கள் இல்லை" என்றார் அண்ணி. தட்டில் விழுந்த விளைமீனும் பாரையும் எங்களுக்கு நல்ல சொந்தம். பிடித்துத் தந்தவர்கள் மட்டும் எங்கட ஆக்கள் இல்லை. நானும் தலையாட்டினேன்.

பெரியண்ணாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். வாழ்நாளில் எதுவும் கேட்டறியாத மனிதர், "பனியில இருக்க ஒரு சின்னக் கூடாரம் எடுத்துத் தாறியளோ?" என்றார். எல்லோருமாக ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அந்தக் கூடாரங்களில், இழுத்துச் செல்லும் சறுக்குத் தட்டின்மேல் இருக்கை இருக்கும். ஏரியில் அதில் அமர்ந்து, பின்னால் மடிந்திருக்கும் துணியைத் தலைக்கு மேலால் இழுத்துவிட்டால் காற்றுப் படாது. பெரியண்ணா துணியின் தடிப்பைத் தடவிப் பார்த்தார். சட்டத்தை மடக்கி விரித்தார். ஹீற்றர் வைத்தால் புகை போக வழி இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் இரண்டு இருக்கை உள்ள ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"உதென்னத்துக்கு அண்ணை? ஒராள் இருக்கிறது காணும்" என்றார் சின்னண்ணா.

"ரெண்டு பேர் இருக்கலாமெண்டால் நல்லமெல்லோ."

"ஆர் அந்த ரெண்டாவது ஆள்?"

கடையில் அத்தனை பேர் நிற்க, ஐம்பது வயது மனிதருக்கு முகம் கறுத்துப் போயிற்று. "ஆரும் வந்தால்..." என்று இழுத்தார். அண்ணி என்னைப் பார்த்தார். என் பேச்சைப் பெரியண்ணா தட்டமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"உது சரியான பாரம் அண்ணா. உங்கட நாரி நோவோட தனிய இழுக்கேலாது. சின்னனை எடுங்கோ" என்றேன்.

அத்தனை வருடம் பெட்டி தூக்கியபோது அந்த நாரியைப் பற்றி, அந்த இடுப்பு நோவைப் பற்றி, நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் இரண்டு இருக்கைக் கூடாரத்தின் சட்டத்தை மடக்கி வைத்தார். "ஓம் தங்கச்சி. நீ சொல்லுறது சரி" என்றார். திரும்பி வரும்போது அவர் தன் காரில் கூடாரத்தோடு முன்னால் போனார். பின்னால் வந்த எங்கள் காரில் அண்ணி, "இனி அவ பனிக்குள்ள நிண்டு விறைக்க வரமாட்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது. சீ.

அதன்பின் அந்த வான் வாசலுக்கு வரவில்லை. பெரியண்ணா கூடாரத்தைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு நான்கு மாரி ஏரிக்குப் போனார். தனியாகத்தான் போகிறார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

பிறகு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். வைத்தியசாலையில் எங்களுக்கு முறை வைத்துப் போகவே நேரம் போதவில்லை. அந்த அக்கா வேலை முடிய ஒவ்வொரு நாளும் வந்தார். சூப்பைக் கரண்டியால் ஊட்டினார், வாய் துடைத்தார். ஒரு பின்னேரம், பெரியண்ணா மருந்து மயக்கத்தில் கிடந்தார். சும்மா மரியாதைக்கு ஏதாவது பேசவேண்டுமே என்று, "கூடாரம் இருந்தபடியால் அண்ணாவுக்கு ஏரியில குளிர் தெரிஞ்சிருக்காது என்ன?" என்றேன்.

"அவர் எங்க தங்கச்சி உள்ளுக்க இருந்தவர்? ஒராள்தானே இருக்கலாம். என்னை உள்ளுக்க இருத்திப்போட்டுத் தான் வாளியைக் கவிட்டு அதுக்கு மேல வெளியில இருப்பார். நாலு மாரியும் அப்பிடித்தான். மாறி இருப்பம் வாங்கோ எண்டாலும் கேக்கமாட்டார்."

அவர் சூப்புப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னார்: "பெரிசா ஒண்டு எடுத்திருக்கலாமே எண்டு கேட்டனான். 'தங்கச்சி என்ர நாரிக்காகப் பாத்து எடுத்துத் தந்தவள், அதை மாத்தக்கூடாது' எண்டவர்."

அதை அண்ணா நம்பித்தான் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பதினொரு நாளில் போய்விட்டார். இறுதிக்கிரியையில் அந்த அக்கா கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோடு நின்றார். முன்வரிசையில் நான் என் கைப்பையை ஒரு கதிரையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

பெரியண்ணாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை வாசித்த அண்ணி, "அவவின்ர கதையை எடுத்துப்போடு, ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார். நினைக்கட்டும். அதை எடுத்தால் என் கட்டுரையையே எடுத்துவிடுங்கள் என்று சின்னண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா, இந்த மலரில் ஒன்றை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கள் அண்ணாவோடு இருந்ததற்கு நன்றி. அவர் உங்களுக்குச் சொன்னது உண்மையல்ல. அவருடைய நாரிக்காக நான் அந்தக் கூடாரத்தை எடுக்கவில்லை. அதற்குள் உங்களுக்கு இடம் இருக்கக்கூடாது என்றுதான் எடுத்தேன்.